பின்வரிசை

கொரியாவிலிருந்து வருகிற பாட்டையும் ஆட்டத்தையும் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்களிடையே இரண்டு கட்சிகள் கண்ணில் படுகின்றன. "அதெல்லாம் தொழிற்சாலைச் சரக்கு, ஸார், சாவி கொடுத்த பொம்மைகள்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற கட்சி ஒன்று. இளவட்டங்களின் கட்சி மற்றொன்று. அவர்களுக்கு அந்த ஆட்டக்காரர்கள் தெய்வங்கள்; தெய்வத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதே அபசாரம். ஒரு விஷயத்தில் மட்டும் இந்த இரண்டு கட்சிகளும் ஒற்றுமை. இரண்டுமே ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. முதல் கட்சி திரும்பியே பார்ப்பதில்லை. இரண்டாவது கட்சி, ஆடுகிற ஒன்பது பேரில் தனக்குப் பிடித்த ஒரு முகத்தை மட்டும் பார்க்கிறது.

ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் மூன்றாவதாக ஒரு சாரார் இருக்கிறார்கள். அதை ஆடிப் பார்க்கிறவர்கள். ஓர் ஆட்டத்தை அசைவுக்கு அசைவு பிரதி எடுத்துத் தாங்களும் ஆடி, வீடியோ பிடித்து ஊருக்குக் காட்டுகிறார்கள். இதற்குக் 'கவர்' என்று பெயர். நகல் ஆட்டம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். சொல்லிலேயே ஒரு மட்டம் தட்டல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கவர் என்றே இருக்கட்டும். 2011-லேயே கொரியாவில் இதற்கென்று உலகப் போட்டி ஆரம்பித்துவிட்டார்கள் என்றால், எத்தனை தேசத்துப் பிள்ளைகள் இதில் இறங்கியிருக்கிறார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. வேலை இருக்கிறது. ஒரு நாவலை வாசித்தவனைவிட அதைக் கையால் பிரதி எடுத்தவனுக்கு அதிகம் தெரியும். ஆசிரியன் எங்கே மூச்சு வாங்கினான், எங்கே ஒப்பேற்றினான், ஒரு பாத்திரத்தை மூன்று அத்தியாயம் மூலையில் உட்கார வைக்க என்ன பாடுபட்டான் என்பதெல்லாம் பிரதி எடுக்கிற கைக்குத் தெரிந்துவிடும். அந்த அளவில் கவர் என்பதும் ஒரு விமர்சனம்தான். விமர்சனத்தை விமர்சிக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் தம்பியின் பேத்தியும் அவள் தோழிகள் எட்டுப் பேரும் சென்னையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படி ஒரு கவர் செய்தார்கள். செல்போனைக் கை நடுங்காமல் பிடிக்கக்கூடியவர், வேறு ஜோலி இல்லாதவர் என்ற இரண்டு தகுதிகளால் நான் காமிராக்காரன் ஆனேன். எல்லோருக்கும் நான் தாத்தா.

அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு 'டி.டி.' ட்வைஸ் என்ற ஒன்பது பெண்கள் கொண்ட குழு 2016 அக்டோபரில் வெளியிட்டது. தலைப்பைப் பார்த்து மலைக்க வேண்டாம். கொரிய எழுத்து ஒன்று ஆங்கில 'டி' போலவே இருக்கும். அதை இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மூடிய இரண்டு கண்களிலிருந்து கண்ணீர் வழிகிற மாதிரி தோன்றும். அங்கே பிள்ளைகள் கடிதாசியில் அழுகையைக் காட்டுகிற அடையாளம் அது. ஆட்டத்தில், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி அந்த எழுத்தைக் கண்ணுக்குக் கீழே பிடிக்கிறார்கள். ஜப்பானில் பள்ளிக்கூடத்துப் பெண்களெல்லாம் போட்டோவுக்கு நிற்கும்போது இப்படி விரல் பிடித்தது ஒரு காலம். 2017 டிசம்பர் கடைசி நாளன்று ஜப்பானிய டெலிவிஷனின் புத்தாண்டுக் கச்சேரியிலேயே இதை ஆடினார்கள்.

இப்படி ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஓர் அசைவை முத்திரையாகப் பதித்துவிடுவது கொரியர்களின் சாமர்த்தியம். 2009-ல் சூப்பர் ஜூனியர் என்ற பையன்கள் 'ஸாரி ஸாரி' பாட்டுக்கு இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தார்கள், தேசமே தேய்த்தது. அதே வருஷம் பிரௌன் ஐட் கேர்ள்ஸ் 'அப்ரகடாப்ரா'வில் கையைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டினார்கள். அந்த அசைவை 2013-ல் ஸை என்பவர் பணம் கொடுத்து வாங்கித் தம் பாட்டில் வைத்துக்கொண்டார். அசைவுக்கு விலை உண்டு என்பது நல்ல சேதிதான். ஆனால் பாட்டு எழுதியவருக்கு வருகிற உரிமைத் தொகை ஆட்டம் அமைத்தவருக்கு வருவதில்லை என்ற குறை இன்னும் அங்கே தீரவில்லை. 'டி.டி.'யை அமைத்தவர் லியா கிம். எங்கள் மொட்டை மாடியில் ஒன்பது ஆட்டக்காரிகளின் பெயரும் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். இந்தப் பெயர் ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் ஞாயிறு முழுவதும் வலது இடது தகராறில் போயிற்று. வீடியோவில் எதிரே நிற்கிறவளின் வலது கை நமக்கு இடப் பக்கம். இதற்காகவே படத்தைக் கண்ணாடி போலத் திருப்பி வைத்துக்கொண்டு பழகுகிறார்கள். ஸியோலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த பயிற்சி அறை உண்டு. எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியின் சுவர்தான். இரண்டாவது ஞாயிறு தரையில் கோலமாவால் நடுவில் பூஜ்யமும் இரண்டு பக்கமும் 1, 2, 3 என்று எண்களும் போட்டார்கள். மேடைகளிலும் இப்படி எண் போடுவது உண்டாம். தாளம் எட்டு எட்டாக எண்ணுகிற கணக்கு. நம் நட்டுவனார்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கஷ்டம் தாளத்தில் இல்லை.

எதில் என்று எனக்குத் தெரிந்தது மூன்றாவது ஞாயிறு. ஒரு பெண்ணுக்கு ஜுரம், வரவில்லை. "நீங்க ஆட வேணாம் தாத்தா. அவ இடத்துல நின்னா போதும், எங்களுக்கு இடைவெளி தெரியணும்" என்றார்கள். நின்றேன். அரை நிமிஷத்துக்குள் மூன்று பேர் என்மேல் மோதினார்கள். நிற்கிற இடம் என்று அந்த ஆட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. ஒருத்தி முன்னால் வந்து ஒரு வரி பாடுகிறாள் என்றால், எட்டுப் பேர் அவளுக்கு வழி விட்டு, குனிந்து, பிரிந்து, அவள் பின்னால் சேர்ந்து, அடுத்த வரிக்கு அடுத்தவளை முன்னால் தள்ளிவிட்டு மறைகிறார்கள். பாட்டு மூன்றரை நிமிஷம். ஒன்பது பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருத்திக்கு 23 விநாடி. பங்கு சமமாக இருப்பதும் இல்லை. ஆகவே இவர்கள் தொழிலில் பெரும் பகுதி மற்றவர்களுக்கு வழி விடுவது. அதையும் அரைகுறையாக விட முடியாது. முன்னால் இருப்பவளின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில், அதே கணத்தில் பின்னால் இருப்பவளின் முழங்கையும் இருக்க வேண்டும். கத்தி போல் வெட்டுகிற கூட்டாட்டம் என்ற அர்த்தத்தில் கொரியாவில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது.

எங்கள் ஒன்பது பேரில் நன்றாக ஆடியவள் இரண்டாம் மாடிப் பெண். பதினாறு வயது. பின்வரிசை அவளுக்கு வாய்த்தது. வாய்த்தது என்ன, மற்றவர்கள் ஆளுக்கொரு பிரியமான முகத்தை எடுத்துக்கொண்டபின் மிச்சம் இருந்தது அதுதான். நாலாவது ஞாயிறு, எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, நான் இருக்கறதே தெரியலையே" என்றாள். குறையாகச் சொன்னாளா, வெறும் தகவலாகச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த தடவையும் முழங்கை சரியான உயரத்தில்தான் இருந்தது.

பின்வரிசைக்கு ஒரு சௌகரியம் உண்டு என்று நினைக்கத் தோன்றும்: யாரும் பார்க்கவில்லை, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். எங்கள் பெண்களுக்கு அது இருந்தது. கொரியாவில் அது போய்விட்டது. போன கதை சுவாரசியமானது. ஈ.எக்ஸ்.ஐ.டி. என்ற குழு 2014 ஆகஸ்டில் 'அப் அண்ட் டவுன்' என்று ஒரு பாட்டு வெளியிட்டது. எடுபடவில்லை. அக்டோபரில் ஒரு மேடையில் அவர்கள் ஆடியபோது, பார்க்க வந்த ஒருவர் காமிராவைக் குழுவின்மேல் வைக்காமல் ஹானி என்ற ஒரே பெண்ணின்மேல் வைத்து ஆரம்பம் முதல் கடைசி வரை பிடித்தார். அந்தப் படம் ஊரெல்லாம் பரவி, செத்த பாட்டு உயிர் பெற்றுப் பட்டியலில் ஏறிற்று. அதற்கு முன்பும் இப்படிப் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு, இதில் பணம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. இப்போது டெலிவிஷன் நிலையங்களே ஆளுக்கொரு காமிரா வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித் தனிப் படம் வெளியிடுகின்றன. மற்றவளுக்கு வழி விட்டுக் குனிகிற விநாடியிலும் ஒரு காமிரா முகத்தின்மேல் இருக்கிறது. அந்த ஒருத்தியின் ரஸிகர்கள் லட்சம் பேர் பார்க்கிறார்கள். பின்வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் பின்வரிசை கிடையாது.

அந்த ஆட்டக்காரர்களுக்கு அங்கே பெயர் 'ஐடல்'. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விக்கிரகம் என்று பொருள். மூலவர் அல்ல, உற்சவ மூர்த்தி என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன். வீதிதோறும் போய் எல்லோருக்கும் முகம் காட்ட வேண்டும் அல்லவா? புதுப் பாட்டு வெளிவந்த வாரங்களில் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாளுக்கொரு டெலிவிஷன் நிலையம். பல நாள் விடிவதற்கு முன்பே ஒளிப்பதிவு. நம் உற்சவ மூர்த்திக்காவது தூக்க ஆள் உண்டு. இங்கே மூர்த்தியே தன் பல்லக்கையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தூக்குவது முகத்தில் தெரியவும் கூடாது.

முகம்! அதில்தான் எங்கள் பெண்கள் தோற்றார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வந்தது, கை வந்தது, இடம் மாறுவது வந்தது. கடைசித் தாளம் விழுந்த பிறகு நாலைந்து விநாடி காமிரா ஒரு முகத்துக்கு மிக அருகில் போய் நிற்கும். அப்போது அகப்படுகிறவருக்கு 'முடிவுத் தேவதை' என்று கொரியாவில் செல்லப் பெயர். தேவதைக்கு மார்பு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். முகம் மட்டும் இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி இருக்க வேண்டும். எங்கள் பெண்களுக்குச் சிரிப்பு வந்தால் மூச்சு நின்றது. மூச்சு வந்தால் சிரிப்பு நின்றது. இத்தனைக்கும் அவர்கள் பாடவில்லை, ஒலித்த பாட்டுக்கு வாயசைத்தார்கள். "பாடிக்கொண்டே ஒரு தடவை ஆடிப் பாருங்களேன்" என்றேன். பல்லவிக்கு வருவதற்குள் பாட்டு நின்று காற்று மட்டும் வந்தது. பொம்மைகள் என்று சொல்கிற கட்சிக்காரர்கள் அன்று எங்கள் மாடிக்கு வந்திருக்க வேண்டும். சாவி கொடுத்த பொம்மைக்கு மூச்சு இரைக்காது.

நம் பதங்களில் விரகத்தால் அழுகிற நாயகி உண்டு. ஆடுகிறவள் அந்த அழுகைக்குள் போய் நிற்கலாம். ரஸிகன் அவளோடு நிற்பான். 'டி.டி.'யில் அழுகை ஓர் ஆபரணம். விரலால் கண்ணீரை வரைந்து காட்டிவிட்டுச் சிரிக்க வேண்டும். இதை மட்டமான கலை என்று நான் சொல்லமாட்டேன். இலேசான கலை, இலேசாகத் தோன்றுவதற்காகவே செய்யப்பட்ட கலை. அந்த இலேசு எத்தனை கனம் என்று தெரிந்துகொள்ள ஆடிப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

படம் பிடிப்பதில் எனக்கும் என் தம்பி பேத்திக்கும் ஒரு சண்டை. முகத்துக்கு முகம் தாவி, வெட்டி ஒட்ட வேண்டும் என்றாள். நான் காமிராவை ஓர் ஸ்டூலின்மேல் அசையாமல் வைத்து ஒன்பது பேரும் தெரியும்படி எடுத்தேன். கம்பெனிகளே இப்படி எடுத்து வெளியிடுவது உண்டு: பயிற்சி அறை, சாதாரண உடை, அசையாத காமிரா. லட்ச லட்சமாகச் செலவழித்து எடுக்கிற வர்ணப் படத்தைவிட அந்தப் பயிற்சிப் படம்தான் உயர்ந்தது என்பது என் தீர்ப்பு. வர்ணப் படத்தில் முகங்கள் இருக்கின்றன. பயிற்சிப் படத்தில்தான் ஆட்டம் இருக்கிறது. கடைசியில் பேத்தி இரண்டு விதமாகவும் ஒட்டினாள். வெட்டி ஒட்டியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்பதை உண்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெட்டாத படத்தில் இரண்டாவது சரணம் தொளதொள என்று இருக்கிறது. பல்லவி வருமிடமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. பின்வரிசையைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே ஒரு நல்ல ஆட்டக்காரி அகப்படுவாள்.

இவ்வளவும் கவர் சொல்லித் தருகிறது. ஆனால் கவர் செய்கிற பிள்ளைகள் ஒன்று சொல்வார்கள்: "இப்போ அவங்க வாழ்க்கை என்னன்னு எங்களுக்குத் தெரியும்." இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவர்களுடைய உடம்பு என்ன பாடுபடுகிறது என்பது தெரியும். வாழ்க்கை வேறு. ஞாயிறு ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டால் கீழே இறங்கிப் போய் தோசை சாப்பிடலாம் என்கிற வாழ்க்கையிலிருந்து அது தெரியாது.

ட்வைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் 'சிக்ஸ்டீன்' என்று டெலிவிஷனில் ஒரு போட்டி வைத்து, 16 பெண்களை ஊரறிய மோதவிட்டுப் பொறுக்கிய குழு அது. தலைவி ஜிஹியோ அதற்கு முன் சுமார் 10 வருஷம் அந்தக் கம்பெனியில் பயிற்சி மாணவியாக இருந்தவர். சேரும்போது சின்னக் குழந்தை. இப்படிப்பட்ட மாணவர்களுக்கு மாதக் கடைசியில் பரீட்சை. எப்போது மேடை ஏறலாம், ஏறலாமா என்பதே எவருக்கும் நிச்சயம் இல்லை. போட்டியின் நடுவிலே மோமோ என்ற ஜப்பானியப் பெண்ணை வெளியேற்றிவிட்டு, ஆட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கடைசியில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர் பிறகு குழுவிலேயே சிறந்த ஆட்டக்காரி என்று பெயர் எடுத்தார். 2019 ஜூலையில், மேடை ஏறுவதே பெரும் பயமாகிவிட்டது என்று மினா என்பவர் சில மாதம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. ஒருவர் ஒதுங்கினால் ஒன்பது பேர் ஆட்டத்தை எட்டுப் பேருக்கு மாற்ற வேண்டும். எங்கள் மாடியில் ஒருத்திக்கு ஜுரம் வந்தபோது அந்த இடத்தில் ஒரு கிழவனை நிறுத்தினார்கள். அங்கே அது நடக்காது.

ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. டி.வி.எக்ஸ்.க்யூ. என்ற ஐவர் குழுவில் மூன்று பேர் 2009-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் கையெழுத்திட்டிருந்தது 13 வருஷத்துக்கு. அதே வருஷம்தான், வியாபார நியாயத்தைக் கவனிக்கிற கொரிய அரசாங்கக் கமிஷன் ஏழு வருஷம் என்று ஒரு மாதிரி ஒப்பந்தம் வகுத்தது. அதன் பிறகு ஏழாம் வருஷம் வந்தால் குழுக்கள் கலைவது வழக்கமாயிற்று. ஒப்பந்தத்தில் எழுதாத ஷரத்துகளும் உண்டு. 2024-ல் கரீனா என்ற ஆட்டக்காரி ஒரு நடிகரோடு பழகுகிறார் என்று செய்தி வந்தது. சில நாளில் அவர் ரஸிகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கைப்படக் கடிதம் எழுதினார். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி, காதலித்ததற்கு மன்னிப்பு! யாரிடம் என்று பாருங்கள்: அவர் குனிந்து வழி விடும்போதும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களே, அவர்களிடம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது 2022 ஜூனில் பி.டி.எஸ். குழுவின் தலைவர் ஆர்.எம். சொன்னது. தனித் தனி வேலைகளில் கவனம் செலுத்தப்போகிறோம் என்று அறிவித்தபோது, இந்த ஐடல் முறை மனிதனுக்கு முதிர்ச்சி அடைய அவகாசம் கொடுப்பதில்லை என்ற கருத்தில் அவர் பேசினார். நாவலாசிரியன் காதுக்கு இது சாதாரணப் பேச்சு அல்ல. ஒரு பாத்திரம் முதல் பக்கத்தில் இருந்தபடியே கடைசிப் பக்கத்திலும் இருந்தால் வாசகர்கள் புஸ்தகத்தை விட்டெறிவார்கள். ஐடல் மாறினால் விட்டெறிகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொம்மைக் கட்சிக்காரர்கள் "அதைத்தானே நாங்களும் சொன்னோம்" என்று இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். இல்லை. அந்த ஒன்பது பெண்களும் ஏழாம் வருஷத்தின் வாசலில், 2022 ஜூலையில், மறுபடி அதே கம்பெனியோடு ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். முதல் கையெழுத்தை எந்த வயதில், என்ன தெரிந்து போட்டார்கள் என்று கேட்கலாம். இரண்டாவது கையெழுத்து எல்லாம் தெரிந்து போட்டது. பொம்மைகள் கையெழுத்துப் போடுவதில்லை. ஏன் போட்டார்கள் என்பதை எழுத ஒரு நாவல் வேண்டும். கவர் ஆடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஏழாவது ஞாயிறு எல்லோரும் இறங்கிப் போனபின் இரண்டாம் மாடிப் பெண் நின்றாள். கொரியக் கம்பெனிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் பரீட்சித்து எடுத்துக்கொள்கிறார்களாம். வீடியோ அனுப்பினால் போதுமாம். "அனுப்பட்டுமா தாத்தா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லும்படி அவள் தாயார் என்னிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். மேலே எழுதியிருக்கிற ஒப்பந்தம், மாதப் பரீட்சை, மன்னிப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பாதிக்கு மேல் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. "பின்னாடி நிக்க எனக்கு வரும் தாத்தா. நின்னு பார்த்தாச்சே" என்றாள். "பின்னால் நிற்பது வரும். பின்னால் நிற்கும்போதும் ஒருத்தன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பானே, அது வருமா?" என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவள் தாயாருக்கு நான் கட்சி மாறிவிட்டேன் என்று வருத்தம்.

இன்னும் பதில் வரவில்லை. இதற்குள் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. செவன்டீன் என்ற குழுவினுடையது. அதற்குப் பதின்மூன்று பேர் வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஆடத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இல்லை. என்னைச் சும்மா நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.